அன்டிவைரஸ் அப்டேட் ஆகவில்லையா? முதலில் மணிக்கூட்டைப் பாருங்கள்

போன கார்த்திகை மழைக்குள் மாங்குளம் பக்கமிருந்து ஓர் அக்கா தன் கணினிப் பெட்டியை உரப்பையால் சுற்றி ஆட்டோவில் கொண்டுவந்து கிளிநொச்சியில் என் வீட்டில் இறக்கினார். "தம்பி, இந்த அன்டிவைரஸ் ஒரு மாதமா சிவப்பு அடையாளம் காட்டிக்கொண்டு நிக்குது. அப்டேட் எண்டு அமத்தினா 'ஃபெயில்ட்' எண்டுது. எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுப் புதுசாப் போட்டுத் தாங்கோ" என்றார். மகள் உயர்தரம் படிக்கிறாள். அவளுடைய குறிப்புகள், பழைய வினாத்தாள்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன.

பெட்டியைப் பூட்டி இயக்கியதும் நான் அன்டிவைரஸைத் திறக்கவில்லை. திரையின் வலது கீழ் மூலையில் திகதியைப் பார்த்தேன். 2015 ஜனவரி 1. கோளாறு அதுதான். அழிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

வீட்டுக் கணினி ஒன்றில் அன்டிவைரஸ் அப்டேட் தடைப்பட்டால் என்ன வரிசையில் பார்க்க வேண்டும் என்று இங்கே எழுதுகிறேன். விண்டோஸ் 10, 11 வைத்திருக்கும் வீடுகளுக்காக எழுதுவது. விண்டோஸோடு சேர்ந்தே வரும் டிஃபெண்டரை உதாரணமாக எடுத்திருக்கிறேன். வேறு அன்டிவைரஸ் என்றாலும் காரணங்கள் இவைதான்.

தொடங்குமுன் ஒன்று. அன்டிவைரஸ் வைரஸ்களை அடையாளம் காண்பது பெரும்பாலும் தன்னிடம் உள்ள பட்டியலை வைத்துத்தான். அந்தப் பட்டியலை டிஃபெண்டருக்கு ஒரு நாளிலேயே பல தடவை புதுப்பித்து அனுப்புகிறார்கள். ஒரு மாதம் அது வராவிட்டால், அந்த மாதத்தில் புதிதாகப் பரவியவற்றில் பலவற்றை உங்கள் கணினிக்குத் தெரியாது. ஆகவே "வேலை செய்துகொண்டுதானே இருக்கு" என்று விட்டுவிடாதீர்கள்.

முதலில் செய்தியை வாசியுங்கள்

ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, 'வைரஸ் அண்ட் திரெட் புரொடெக்‌ஷன்' என்பதற்குள் போங்கள். கொஞ்சம் கீழே அப்டேட் பகுதி இருக்கும். கடைசியாக எப்போது அப்டேட் ஆனது என்ற திகதி அங்கே தெரியும். 'செக் ஃபோர் அப்டேட்ஸ்' என்பதை அழுத்தி, வருகிற பிழைச் செய்தியைப் போன் கமராவில் ஒரு படம் எடுத்து வையுங்கள். யாரிடமாவது உதவி கேட்கும்போது, "என்னவோ சிவப்பா வந்தது" என்று சொல்வதைவிட அந்தப் படம் நூறு மடங்கு உதவும்.

அடுத்து ரீஸ்டார்ட். 'ஷட் டவுன்' கொடுத்துவிட்டுத் திரும்பப் போடுவதை நான் இங்கே சொல்லவில்லை. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் பெரும்பாலும் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இயங்கிக்கொண்டிருக்கும். ஷட் டவுன் செய்தாலும் உள்ளே ஒரு பகுதி அப்படியே சேமிக்கப்பட்டு, மறுபடி போடும்போது அதே நிலையில் எழும்பும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். இதோடு சரியாகிப்போன கணினிகள் எத்தனையோ.

மணிக்கூடு

சரி, அக்காவின் பெட்டிக்கு வருவோம். திகதி பிழைத்தால் அப்டேட் ஏன் நிற்கிறது? அப்டேட் கொடுக்கும் சேவையகத்தோடு உங்கள் கணினி பேசத் தொடங்குமுன், "நீ உண்மையான ஆள்தானா?" என்று ஒரு சான்றிதழைக் கேட்டுப் பார்க்கும். அந்தச் சான்றிதழுக்கு ஒரு தொடக்கத் திகதியும் ஒரு முடிவுத் திகதியும் உண்டு. உங்கள் கணினி 2015இல் நின்றுகொண்டிருந்தால், இந்த வருடம் கொடுத்த சான்றிதழ் அதன் கண்ணுக்கு இன்னும் பிறக்காத ஒன்று. ஏற்காது, கதவைச் சாத்திவிடும். அதே நேரத்தில் பிரவுசரிலும் பல தளங்கள் "பாதுகாப்பில்லை" என்று காட்டும். இரண்டும் சேர்ந்து வந்தால் மணிக்கூடுதான் என்று ஏறக்குறைய முடிவெடுத்துவிடலாம்.

சரிசெய்வது இப்படி. வலது மூலையில் உள்ள நேரத்தின் மேல் மவுஸின் வலது பட்டனை அழுத்தி, திகதி, நேரம் மாற்றும் இடத்துக்குப் போங்கள். தானாக நேரம் எடுப்பதை நிறுத்திவிட்டு, சரியான திகதியையும் நேரத்தையும் கையால் போடுங்கள். வித்தியாசம் வருடக் கணக்கில் இருந்தால் விண்டோஸ் சில நேரம் தானாகத் திருத்த மறுக்கும். அதனால்தான் முதலில் கையால் போடச் சொல்கிறேன். பிறகு தானியங்கியைத் திரும்ப இயக்கி, 'சிங்க் நவ்' அழுத்துங்கள். நேர வலயப் பட்டியலில் கொழும்பைத் தேடாதீர்கள். நமக்குரியது 'ஸ்ரீ ஜயவர்த்தனபுர' என்ற பெயரில், யூடிசி +5:30 என்று இருக்கும்.

இப்போது அப்டேட் ஓடிவிடும். ஆனால் நாளைக்குப் பிளக்கைக் கழற்றி மாட்டியதும் மறுபடி 2015 வந்தால்? போடும்போதே கறுப்புத் திரை வந்து எஃப் 1 அழுத்து என்று நின்றால்? அப்படியென்றால் மதர்போட்டில், அதாவது பெட்டிக்குள் இருக்கும் பெரிய பலகையில், மணிக்கூட்டை ஓட்டும் சின்னப் பற்றரி முடிந்துவிட்டது.

நம் பக்கத்தில் இது அடிக்கடி வருவதற்கு ஒரு காரணம் உண்டு. சுவரில் கரண்ட் இருக்கும் வரைக்கும், கணினி நிறுத்தியிருந்தாலும் மணிக்கூட்டுக்கு அதிலிருந்தே சக்தி போகும். பிளக்கைக் கழற்றிவிட்டால் முழுப் பாரமும் அந்தச் சின்னப் பற்றரியின் தலையில். ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னலுக்குப் பயந்து நாம் எல்லோரும் பிளக்கைக் கழற்றுகிறோம். கழற்றத்தான் வேண்டும், அதை விட்டுவிடாதீர்கள். பற்றரி கொஞ்சம் முந்தித் தீரும், அவ்வளவுதான்.

அதன் பெயர் சிஆர் 2032. பெயருக்குள்ளேயே அளவு இருக்கிறது: 20 மில்லிமீற்றர் விட்டம், 3.2 மில்லிமீற்றர் தடிப்பு. மூன்று வோல்ட். மணிக்கூடு திருத்துகிற கடையில் கேட்டாலே எடுத்துத் தருவார்கள். மாற்றும் விதம்: பிளக்கை முழுதாகக் கழற்றுங்கள். பவர் பட்டனை ஒரு தடவை அழுத்திப் பிடித்து, மிச்சமுள்ள மின்சாரத்தை வெளியேற்றுங்கள். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, உள்ளே ஏதாவது ஓர் இரும்புப் பகுதியைத் தொட்டுக்கொள்ளுங்கள், உடம்பிலுள்ள நிலைமின்சாரம் போக. மதர்போட்டில் காசு போல மினுங்கிக்கொண்டு பற்றரி படுத்திருக்கும். அதன் விளிம்பில் மெல்லிய உலோக நாக்கு ஒன்று இருக்கும். அதை நகத்தால் வெளிப்பக்கம் தள்ளினால் பற்றரி ஒருபக்கம் துள்ளி எழும்பும். அக்காவின் பெட்டியில் நாக்கின் மேல் சிவப்பு மண் தூசி ஒட்டி இறுகியிருந்தது. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் துடைத்த பிறகுதான் அசைந்தது. புதியதைப் போடும்போது கூட்டல் அடையாளம் உங்களைப் பார்த்திருக்க வேண்டும். 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும்.

கழற்றிய பழையதை மேசையில் விடாதீர்கள். சின்னப் பிள்ளை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. மடிக்கணினி என்றால் நீங்களே திறக்க வேண்டாம். பலவற்றில் இந்தப் பற்றரி வயரோடு இணைந்திருக்கும்.

டேட்டாவும் சிக்னலும்

மணிக்கூடு சரியாக இருந்தும் அப்டேட் வரவில்லை என்றால், அடுத்த சந்தேகம் இணைப்பு. வன்னியில் பல வீடுகளில் இன்டர்நெட் என்றால் போன் ஹொட்ஸ்பொட் அல்லது டொங்கிள்தான். இப்படிப்பட்ட இணைப்புகளை விண்டோஸ் 'மீட்டர்ட் கனெக்‌ஷன்', அதாவது அளந்து பாவிக்க வேண்டிய இணைப்பு என்று வைத்துக்கொள்ளலாம். அப்படி வைத்தால் உங்கள் டேட்டாவை மிச்சப்படுத்துவதாக நினைத்து அப்டேட்டுகளைத் தானாக இறக்காமல் இருந்துவிடும். செட்டிங்ஸில் 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்' போய், நீங்கள் பாவிக்கும் இணைப்பின் புரொப்பர்ட்டீஸைத் திறந்தால் அந்தச் சுவிட்ச் தெரியும். அதை நிறுத்திவிட்டு அப்டேட் கொடுத்துப் பாருங்கள். முடிந்ததும் திரும்பப் போடலாம். டேட்டா குறைவான வீட்டுக்கு அது தேவையான சுவிட்ச்தான். ஆனால் அது இயங்கும் வரை, இரண்டு நாளுக்கு ஒருமுறையாவது நீங்களே கையால் அப்டேட்டை அழுத்த வேண்டும்.

டேட்டாவுக்குப் பயந்து மாதக்கணக்கில் அப்டேட்டை நிறுத்தி வைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாளாந்தம் புதுப்பிக்கும் கணினிக்குப் புதிதாக வந்த துண்டுகள் மட்டும் போதும். நீண்ட நாள் விட்டால் முழுக் கோப்பையும் இறக்க வேண்டிவரும், அது 100 எம்பியைத் தாண்டும். பலவீனமான சிக்னலில் அது பாதியில் அறுந்து, மறுபடி தொடங்கி, டேட்டாவைத் தின்றுவிடும். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவதே மலிவு. உங்கள் பெக்கேஜில் இரவு டேட்டா தனியாக இருந்தால் அந்த நேரத்தில் ஒரு தடவை கணினியைப் போட்டு விடுங்கள். டொங்கிளைக் கணினிக்குப் பின்னால் செருகாமல், ஒரு நீட்டிப்பு வயரில் ஜன்னலோரம் கொண்டுபோய் வையுங்கள். தகரக் கூரை வீடுகளில் இது நிறைய வித்தியாசம் காட்டும்.

இரண்டு காவல்காரர், நிரம்பிய வட்டு

ஒரே கணினியில் இரண்டு அன்டிவைரஸ் இருந்தால் ஒன்றையொன்று தடுக்கும். கடையில் வாங்கும்போதே ஒன்று போட்டுத் தந்திருப்பார்கள், பிறகு தம்பி ஒன்று, மச்சான் ஒன்று. காசு கட்டி வாங்கியதன் காலம் முடிந்தாலும் அப்டேட் நின்றுவிடும். பிழை போலத் தெரியும், உண்மையில் தவணை முடிந்திருக்கும். வேண்டாததை செட்டிங்ஸில் 'ஆப்ஸ்' பகுதியில் நீக்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள். முழுதாகப் போகாவிட்டால், அதைத் தயாரித்த நிறுவனமே தரும் நீக்கும் கருவியை அவர்களின் தளத்திலிருந்து எடுங்கள். வேறு அன்டிவைரஸ் எதுவும் இல்லையென்றால் டிஃபெண்டர் தானாகப் பொறுப்பெடுக்கும். சாதாரண வீட்டுக்கு அது ஒன்று போதும் என்பதே என் எண்ணம்.

சி டிரைவ் சிவப்பாக நிரம்பியிருந்தாலும் அப்டேட் இறங்காது. படங்களை வேறிடத்துக்கு மாற்றி, சில ஜிபி இடம் விடுங்கள்.

வீட்டில் இன்டர்நெட்டே இல்லையென்றால்

பென்டிரைவில் கொண்டுவரலாம். மைக்ரோசொஃப்ட் தளத்தில் டிஃபெண்டருக்கான முழுக் கோப்பைக் கையால் இறக்க வசதி உண்டு, இலவசம்தான். உங்கள் கணினி 64 பிட்டா 32 பிட்டா என்று 'சிஸ்டம்', 'அபவுட்' பகுதியில் முதலில் பார்த்துக் குறித்துக்கொண்டு போங்கள். ஒட்டுசுட்டானிலிருந்து முல்லைத்தீவு நகரத்துக்குப் போய்வந்த பிறகு மாறி எடுத்தது தெரியவந்தால் பஸ் காசும் வீண். கோப்பை இருதடவை அழுத்தினால் சாளரம் எதுவும் திறக்காது, "முடிந்தது" என்றும் சொல்லாது. பழுதென்று நினைத்து மறுபடி மறுபடி அழுத்தாதீர்கள். சில நிமிடம் பொறுத்து, அப்டேட் திகதி மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

பிறர் கணினியில் செருகிய பென்டிரைவை வீட்டில் திறக்குமுன் ஸ்கேன் செய்வது கட்டாயம். 2008இல் வெளிப்பட்ட கொன்ஃபிக்கர் என்ற வைரஸ் பென்டிரைவ் வழியாகவும் பரவியது. ஏறிய கணினியில் அது முதலில் செய்த வேலைகளில் ஒன்று, அன்டிவைரஸ் நிறுவனங்களின் தளங்களைத் திறக்கவிடாமல் அடைத்தது.

அந்த அறிகுறியை இன்றைக்கும் கவனியுங்கள். மற்ற எல்லாத் தளங்களும் திறக்கின்றன, அன்டிவைரஸ் சம்பந்தப்பட்டவை மட்டும் திறக்கவில்லை என்றால், உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். 'ஸ்கேன் ஒப்ஷன்ஸ்' பகுதியில் டிஃபெண்டரின் 'ஒஃப்லைன் ஸ்கேன்' உண்டு. கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழும்புமுன்னே ஒரு கால் மணி நேரம் போலத் தேடும். திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்துவிட்டு, கரண்ட் நிற்காத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். கிராக் செய்த, அதாவது காசு கட்டாமல் பூட்டை உடைத்துப் பாவிக்கும் மென்பொருள்களும் இதே மாதிரித் தளங்களை அடைப்பதுண்டு. அவற்றை நீக்குங்கள். யார் சொன்னாலும், அப்டேட் வரவைப்பதற்காக ஒரு கிராக்கைப் போடாதீர்கள்.

விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 14ஆம் திகதியோடும், விண்டோஸ் 10க்கானது 2025 அக்டோபர் 14ஆம் திகதியோடும் முடிந்துவிட்டன. 10இல் டிஃபெண்டரின் பட்டியல் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசொஃப்ட் அறிவித்திருக்கிறது. பெட்டி தாங்குமென்றால் 11க்கு மாறுங்கள்.

அக்காவின் பெட்டியில் புதுப் பற்றரி போட்டு, நேரம் சரிசெய்து, என் ரவுட்டரில் இணைத்தேன். முழுக் கோப்பும் இறங்கிமுடிய அவர் ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரம் எடுத்தது. 'லாஸ்ட் அப்டேட்' என்ற இடத்தில் அன்றைய திகதி வந்ததைக் காட்டினேன். ஒரு குயிக் ஸ்கேனும் ஓடவிட்டோம், எதுவும் இல்லை. மகளின் குறிப்புகள் இருந்த இடத்திலேயே இருந்தன. பற்றரி மாற்றிய திகதியை ஒரு துண்டு டேப்பில் எழுதி, பக்கத் தகட்டின் உள்பக்கம் ஒட்டி மூடிக் கொடுத்தேன்.