தோண்டிப் போட்ட சாலையில் சைக்கிள் ஓட்டுவது எப்படி? புதியவர்களுக்கான வழிமுறை

மழைநீர் வடிகால், குடிநீர்க் குழாய், மின்கேபிள், இன்டர்நெட் கேபிள் எல்லாம் பெரும்பாலும் போவது சாலையின் ஓரத்தில். சைக்கிளில் போகிறவர்களை எல்லோரும் ஒதுங்கச் சொல்வதும் அதே ஓரத்துக்குத்தான். அதனால் சென்னையில் எங்கே தோண்டினாலும் முதலில் மாட்டுவது நாம். காரில் போகிறவருக்கு அந்தப் பள்ளம் இருப்பதே தெரியாமல் போகலாம்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு நவம்பர் மாலை, எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கி விழுந்தேன். எதற்கோ தோண்டி, மண்ணைத் தள்ளி மூடியிருந்தார்கள்; மேலே தார் போடவில்லை. முந்தின இரவு மழையில் மண் இறங்கிவிட்டது. அதன்மேல் தண்ணீர் நின்றதால் சமமான சாலை மாதிரியே தெரிந்தது. பலகை இல்லை, தடுப்பு இல்லை. இடது மணிக்கட்டில் ஆறு வாரம் மாவுக்கட்டு. அதற்குப் பிறகு பழகிக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: என்ன இருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

சாலைப் பணி நடக்கும் இடத்தில் போக்குவரத்தை எப்படிக் கையாள வேண்டும் என்று சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் ஒரு வழிகாட்டியே போட்டிருக்கிறது. எண் எஸ்பி 55. முதலில் தூரத்திலிருந்தே எச்சரிக்கும் பகுதி, அடுத்து வண்டிகளை மெல்ல ஒரு பக்கம் ஒதுக்கும் பகுதி, பிறகு வேலை நடக்கும் இடம், கடைசியில் பழையபடி சாலைக்குத் திரும்பும் பகுதி. இந்த நான்கும் இருந்தால் நமக்கு யோசிக்க நேரம் கிடைக்கும். நம் தெருக்களில் பெரும்பாலும் மூன்றாவது மட்டும்தான் இருக்கும். பள்ளத்தை ஒட்டியே ஒரு பலகையைச் சாய்த்து வைத்திருப்பார்கள், அதுவும் நாம் போகும் ஓரத்திலேயே. ஆகவே பலகை கண்ணில் பட்டபோது பள்ளமும் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: பலகை இல்லாத இடத்தில் சாலையைப் படியுங்கள்

இந்தப் பயிற்சிதான் எல்லாவற்றிலும் முக்கியம். தோண்டும் வேலை முன்கூட்டியே சில தடயங்களை விட்டுவைக்கும். சாலையில் திடீரென்று எம்-சாண்ட் அல்லது சிவப்பு மண் சிதறிக் கிடக்கிறதா? டிராக்டர் டயரின் சேற்றுத் தடம் தெரிகிறதா? ஓரத்தில் பெரிய குழாய்களோ கேபிள் உருளையோ இறக்கி வைத்திருக்கிறார்களா? முன்னால் போகும் ஆட்டோவும் பைக்கும் ஒரே இடத்தில் வலப்பக்கம் வளைகின்றனவா? இதில் ஒன்றைப் பார்த்தாலும் பெடல் மிதிப்பதை நிறுத்திவிடுங்கள்.

இன்னொன்று, மரக்கிளை. நடுச்சாலையில் இலையோடு ஒரு கிளை நட்டிருந்தால், மூடி இல்லாத ஆள்நுழைவுக் குழியிலோ சாலை உள்வாங்கிய இடத்திலோ அந்தத் தெருக்காரர் யாரோ நட்டது அது. உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி, பழைய டயர், குச்சியில் கட்டிய சிவப்புத் துணி எல்லாமே அப்படித்தான். முகம் தெரியாத ஒருவர் நமக்காக எடுத்த சிரமம் அது. அதிகாரப்பூர்வமான பலகையைவிட இவற்றை நான் அதிகம் நம்புகிறேன்.

படி 3: வேகத்தைப் பாதியாக்குங்கள்

மணிக்கு 20 கிலோமீட்டரில் போகும்போது ஒரு நொடியில் ஐந்தரை மீட்டர் கடந்துவிடுவோம். பள்ளத்தைப் பார்த்து, கை பிரேக்குக்குப் போவதற்கே அந்த ஒரு நொடி ஆகும். பிறகு நிற்க இன்னும் நான்கைந்து மீட்டர் வேண்டும். மொத்தம் பத்து மீட்டர், ஏறக்குறைய ஒரு பஸ்ஸின் நீளம். 10 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு மீட்டரில் நின்றுவிடலாம். ஈரத் தரையில் இரண்டுமே கூடும்.

படி 4: ஓரத்தை விட்டு முன்கூட்டியே வெளியே வாருங்கள்

புதியவர்கள் செய்யும் தவறு, பள்ளத்தின் விளிம்பு வரை ஓரமாகவே போய்க் கடைசி நொடியில் வலப்பக்கம் வெட்டுவது. பின்னால் வரும் தண்ணி லாரிக்கு அது தெரியாது. இருபது, முப்பது மீட்டருக்கு முன்பே தலையைத் திருப்பிப் பின்னால் பாருங்கள், வலது கையை நீட்டுங்கள், வண்டிகள் இடம் விட்டதும் நகருங்கள். பாதை ஒரு வண்டி அகலத்துக்குக் குறுகியிருந்தால் அதன் நடுவில் போங்கள். ஓரமாகப் போனால் இடித்துக்கொண்டு முந்தப் பார்ப்பார்கள். ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். மனசு ஒப்பவில்லை என்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்; நானும் வாரத்தில் ஒரு நாளாவது அப்படிப் போகிறேன்.

படி 5: ஒவ்வொரு தரைக்கும் ஒரு முறை

*சுரண்டிய சாலை.* புதுத் தார் போடும் முன் பழையதை இயந்திரத்தால் சுரண்டிவிட்டு, சில நாள் அப்படியே விட்டுவிடுவார்கள். நீளவாக்கில் கோடு கோடாக இருக்கும். ஒல்லி டயர் அந்தக் கோட்டில் சிக்கினால் ஹேண்டில்பார் சொன்னபடி திரும்பாது. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காதீர்கள், சட்டென்று திருப்பாதீர்கள். சாலையைச் சுரண்டியதால் சாக்கடை மூடிகள் மட்டும் மேடாக நிற்கும். அவற்றைச் சுற்றிப் போங்கள்.

*தோண்டி மூடிய பள்ளத்தின் விளிம்பு.* பள்ளம் நம் சாலைக்கு இணையாக ஓடும்போது ஆபத்து அதிகம். இரண்டு சென்டிமீட்டர் படி இருந்தாலே போதும், கோணலாக ஏறினால் முன்சக்கரம் அதில் உரசி வண்டியைக் கவிழ்த்துவிடும். கடந்தே ஆக வேண்டுமானால் வேகத்தைக் குறைத்து, முடிந்தவரை நேர்குறுக்காகக் கடங்கள்.

*இரும்புத் தகடு.* ஈரமானால் சோப்பு மாதிரி வழுக்கும். தகட்டுக்கு முன்பே பிரேக் பிடித்துவிடுங்கள். அதன்மேல் பிரேக்கும் வேண்டாம், வளைவும் வேண்டாம்.

*மணல், ஜல்லி.* முன் பிரேக்கைத் தொடாதீர்கள். இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும், உடம்பைச் சற்றுப் பின்னால் தள்ளுங்கள், வண்டி தானாக உருண்டு வெளியே வரட்டும்.

படி 6: மெட்ரோ தடுப்புகளை ஒட்டிப் போகும்போது

இரண்டாம் கட்ட மெட்ரோ மூன்று வழித்தடங்களில், மொத்தம் சுமார் 119 கிலோமீட்டர். ஆர்காடு சாலை, பழைய மகாபலிபுரம் சாலை எல்லாம் இதில் வரும். அந்தத் தகரத் தடுப்புகளுக்கு நடுவே வாசல்கள் உண்டு. கான்கிரீட் லாரியும் டிப்பரும் அங்கிருந்து பின்னோக்கியே வரலாம். வாசல் தெரிந்தால் சிவப்புக் கொடி பிடித்த ஆளைத் தேடுங்கள். அவர் இல்லையென்றால் நின்று பாருங்கள். வாசல் முன் சேறு எப்போதும் இருக்கும். லாரியின் இடப்பக்கம், அதற்கும் தடுப்புக்கும் நடுவில், ஒருபோதும் நுழையாதீர்கள்.

வடிகால் கட்டும் இடத்தில் கான்கிரீட் போடாத கம்பிகள் நிமிர்ந்து நிற்கும். அதன் பக்கம் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு ஆள் நீளத்துக்காவது தள்ளிப் போங்கள்.

படி 7: மழையும் இரவும்

தண்ணீர் நிற்கும் தெருவில் தோண்டும் வேலை நடந்தது தெரிந்தால் அங்கே போகாதீர்கள். சுற்றிப் போனால் பத்து நிமிடம் ஆகும், அவ்வளவுதான். அடியில் பள்ளம் மட்டுமல்ல, மின்கேபிளும் இருக்கலாம். இரவில் முன்விளக்கைப் பத்து மீட்டர் தள்ளித் தரையில் விழும்படி சாய்த்து வையுங்கள். பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம்.

படி 8: பார்த்ததைப் புகார் செய்யுங்கள்

மாநகராட்சியின் புகார் எண் 1913. பத்திரமான இடத்தில் நின்று இரண்டு படம் எடுங்கள்: பள்ளம் தெரிய ஒன்று, கடையோ தெருப் பலகையோ தெரிய ஒன்று. பக்கத்துத் தெருவிளக்குக் கம்பத்தின் எண்ணையும் குறித்துக்கொண்டால் இடம் தேட வேண்டிய வேலை இருக்காது. 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பாதுகாப்புத் தரத்தின்படி சாலையைப் பராமரிக்காததால் உயிரிழப்போ ஊனமோ ஏற்பட்டால், பொறுப்பான அமைப்புக்கோ ஒப்பந்ததாரருக்கோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். விழுந்து அடிபட்டால் முதலில் 108ஐக் கூப்பிடுங்கள். ஆதாரத்துக்காக உடன் இருப்பவர் அந்த இடத்தைப் படம் எடுக்கட்டும், ஏனென்றால் மறுநாள் காலையில் பலகை வந்துவிடும்.

புகாருக்குத் தரும் பதிவு எண்ணைக் குறித்து வைத்து, மூன்று நாளில் ஒன்றும் நடக்காவிட்டால் அதையே சொல்லி மறுபடி கூப்பிடுங்கள். அதுவரை வண்டி வராத நேரம் பார்த்து அந்தப் பள்ளத்துக்கு முன்னால் ஒரு கிளையை நட்டுவிட்டு வாருங்கள். நுனியில் வெள்ளைத் துணி கட்டினால் இரவிலும் தெரியும்.