ஐப்பசியில் ஊருக்குப் போனால் ஒரு கொம்பு

போன ஐப்பசியில் கல்லிடைக்குறிச்சிக்குப் போயிருந்தேன். சின்ன வயதில் நாங்கள் குடியிருந்த வீட்டில் இப்போது வேறு யாரோ. கிணற்றடி அடுக்குச் செம்பருத்தி மட்டும் அப்படியே நிற்கிறது. கேட்டதும், “அதுக்கென்ன, ஒடிச்சுக்கிடுங்க” என்றார் அந்த வீட்டு அக்கா.

ஒடிக்காதீர்கள், கத்தியால் கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டுங்கள். பென்சில் கனம், முக்கால் அடி நீளம் போதும். நுனியில் இரண்டு இலை விட்டு மற்றதைக் கிள்ளிவிட்டு, ஈர வாழைப்பட்டையில் சுற்றினால் பஸ் பயணம் தாங்கும். அப்புறம் மணலும் செம்மண்ணும் சரிபாதி கலந்து, இரண்டு கணு புதையும்படி நட்டு நிழலில் வையுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதால் தண்ணீர் ஊற்றும் வேலை குறைவு. தொட்டி ஓட்டை அடைத்திருந்தால் மட்டும் கொம்பு அழுகிவிடும். வேர் விட்டதா என்று பிடுங்கிப் பார்க்காதீர்கள். நான் பார்த்தேன், ஒன்று போச்சு.