ஆசிரியர்களுக்கு நீச்சல் பயிற்சி: சறுக்கும் இடங்கள்

கோடை விடுமுறை வந்தால் தடுப்பணையிலும் கல்குவாரிக் குட்டையிலும் பிள்ளைகள் மூழ்கிய செய்தி தமிழ்நாட்டில் தவறாமல் வருகிறது. உடனே, பள்ளியிலேயே நீச்சல் சொல்லித்தரலாமே என்று பேச்சு எழும். நல்ல யோசனைதான். ஆனால் ஆசிரியர்களைக் கூப்பிட்டு இரண்டு நாள் முகாம் நடத்தி, குரூப் போட்டோ எடுத்துச் சான்றிதழ் கொடுத்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோமே, அங்கேதான் கோளாறு.

முகாமை யாரிடம் ஒப்படைக்கிறோம் என்பதிலேயே முதல் சறுக்கல். பெரும்பாலும் போட்டி நீச்சல் பயிற்சியாளர் வருவார். தனக்குத் தெரிந்த போட்டி நீச்சலையே சொல்லித்தருவார். முழங்கை எந்தக் கோணத்தில் வர வேண்டும், சுவரை எப்படி உதைத்துத் திரும்ப வேண்டும் என்று கற்றுக்கொண்டு ஆசிரியர் ஊர் திரும்புவார். கிணற்றில் வழுக்கி விழுந்த பிள்ளைக்கு இதில் எதுவும் உதவாது. மேலே வரவும், மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்கவும், பக்கத்தில் இருக்கும் படியையோ கல்லையோ எட்டிப் பிடிக்கவும் தெரிந்தால் அந்தப் பிள்ளை பிழைக்கும். இங்கிலாந்தின் பாடத்திட்டத்தில், தொடக்கப் பள்ளி முடிப்பதற்குள் 25 மீட்டர் நீந்த வேண்டும் என்பதோடு, ஆபத்தில் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ளத் தெரிய வேண்டும் என்பதும் தனி இலக்கு. நாமும் தண்ணீருக்குள் மூச்சை வெளியே விடுவது, மிதப்பது, புரண்டு திரும்புவது என்று தொடங்கி, கை கால் வீச்சைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் ஓரளவு தேறியதும், உடுத்திய துணியோடு மிதந்து பார்க்கவும் வைக்க வேண்டும். தவறி விழுகிறவர் நீச்சல் உடையில் விழுவதில்லையே.

நீந்தத் தெரிந்தவருக்குச் சொல்லித்தரவும் தெரியும் என்று நம்புவது அடுத்த தவறு. இடுப்பில் கயிறு கட்டியோ முதுகில் சுரைக்குடுக்கை கட்டியோ கிணற்றில் இறக்கிவிடப்பட்டுப் பழகிய தலைமுறை, "நாங்க அப்படித்தான் சார் கத்துக்கிட்டோம்" என்று பிள்ளையைத் தள்ளிவிடப் பார்க்கும். அப்படித் தள்ளியதில் மிரண்டு, இன்றுவரை தண்ணீர்ப் பக்கமே போகாதவர்கள் முகாமுக்கு வருவதில்லை. அதனால் அந்த முறையின் தோல்வி நம் கண்ணில் படுவதில்லை. பயிற்சி பெறும் ஆசிரியர், தண்ணீருக்குப் பயப்படும் நிஜப் பிள்ளைகள் நாலைந்து பேரை மேற்பார்வையில் பழக்கிக் காட்ட வேண்டும். பெரியவர்களே ஒருவருக்கொருவர் மாணவராக நடித்துக்கொள்ளும் ஒத்திகை இதற்குப் போதாது.

சொல்லித்தருபவரே காவலும் பார்ப்பது இன்னும் ஆபத்து. மூழ்குகிறவர் கையை ஆட்டிக் கத்துவார் என்று பலரும் எதிர்பார்க்கிறார்கள். மூச்சுக்கே திணறுகிறவருக்குக் குரல் வராது. தலை பின்னால் சாய்ந்து, வாய் நீர்மட்டத்தில் ஏறி இறங்கும். ஒரு நிமிடத்துக்குள்ளேயே உள்ளே போய்விடலாம். ஒரு பிள்ளையின் காலைப் பிடித்து உதைக்கச் சொல்லித்தரும் ஆசிரியருக்கு முதுகுப்பக்கம் நடப்பது தெரியாது. ஆகவே கரையில் வேறு வேலை எதுவும் இல்லாத ஒருவர், கையில் போன் இல்லாமல், நிற்க வேண்டும். அவர் உயிர்காப்புப் பயிற்சி பெற்றவராகவும் இருக்க வேண்டும். தலை எண்ணுவது, இருவர் இருவராக ஜோடி சேர்ப்பது போன்ற வேலைகளை நீந்தத் தெரியாத கணக்கு டீச்சர் நன்றாகவே செய்வார். நாற்பது பேரை மேய்த்துப் பழகியவர். ஆனால் நாற்பது பேரையும் ஒன்றாக இறக்கக் கூடாது.

காப்பாற்றுவது பற்றிய பாடத்தில் வீரக்கதைகள் வேண்டாம். தம்பி மூழ்க, அண்ணன் குதிக்க, அவனைப் பிடிக்க இன்னொருவன் குதிக்க, ஒரே இடத்தில் இரண்டு மூன்று உயிர் போவது இப்படித்தான். பிள்ளைகள் கற்க வேண்டியது கத்தி ஆள் கூப்பிடுவது, கழியை நீட்டுவது, துப்பட்டாவையோ வேட்டியையோ வீசுவது, மூடி இறுக்கிய காலி கேனை எறிவது. படுத்துக்கொண்டு நீட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் நீட்டியவரும் உள்ளே போய்விடுவார்.

அப்புறம், முதலுதவி. கரையேற்றியவரைத் தலைக்கு மேல் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் இன்னும் நடக்கிறது. அதில் வீணாகும் ஒவ்வொரு விநாடியும் மூளைக்கு ஆக்சிஜன் இல்லாத விநாடி. மூச்சில்லை என்றால், ஒருவர் 108ஐ அழைக்கும்போதே இன்னொருவர் வாயோடு வாய் வைத்து 5 முறை ஊத வேண்டும். அசைவில்லை என்றால் நெஞ்சை 30 முறை அமுக்கி 2 முறை ஊதுவதைத் தொடர வேண்டும். மாரடைப்புக்கான வகுப்புகளில் நெஞ்சை அமுக்குவதை மட்டும் சொல்லி விடுவதுண்டு. மூழ்கியவருக்கு முதல் தேவை காற்று. ஸ்லைடில் பார்த்தால் போதாது, பொம்மையில் கை வலிக்கச் செய்து பழக வேண்டும்.

நீச்சல் குளம் இல்லாததால் எதுவும் செய்ய முடியாது என்று கைவிடுவதும் தவறுதான். வங்கதேசத்தில் ஊர்க் குளத்துக்குள் மூங்கில் மேடை அமைத்து, உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்துப் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குகிறார்கள். தண்ணீரில் இறங்காமலே நடத்தக்கூடிய பாடமும் நிறைய உண்டு. எந்தக் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் இல்லை, கண்மாயில் எங்கே மண் அள்ளிய பள்ளம், மதகு எங்கே உள்ளிழுக்கும், மேட்டூரில் திறந்த தண்ணீர் வந்தால் எந்தப் படித்துறையில் இறங்கக் கூடாது. இதையெல்லாம் மீனவரிடமும் தீயணைப்புத் துறையினரிடமும் கேட்டு ஆசிரியர் தன் ஊருக்கென்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

பெண் பிள்ளைகள் நீச்சல் வகுப்பைத் தவிர்த்தால் 'விருப்பமில்லை' என்று எழுதிவிடுவார்கள். உடை மாற்ற மறைவான இடம், உடம்பை மூடிய உடைக்கு அனுமதி, கூடவே ஒரு பெண் ஆசிரியர் என்று ஏற்பாடு செய்துவிட்டுப் பிறகு விருப்பத்தைக் கேளுங்கள்.

மூச்சடக்கும் போட்டியை மட்டும் ஒருபோதும் வைக்காதீர்கள். வேகமாக மூச்சை இழுத்து விட்டுவிட்டு முங்கினால், மூச்சு முட்டுவது போலத் தோன்றும் முன்பே நினைவு தப்பலாம். பிள்ளைகளுக்குத் தரும் சான்றிதழிலும் 'நீச்சல் தெரியும்' என்று பொத்தாம் பொதுவாக எழுத வேண்டாம். மார்பளவு ஆழமுள்ள, ஓட்டமில்லாத நீரில் எத்தனை நிமிடம் மிதந்தார், எவ்வளவு தூரம் நீந்தினார் என்று எழுதி, ஆறு, கடலுக்கு இது பொருந்தாது என்பதையும் சேர்த்துப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்குங்கள்.