காண்டாமிருக நாலணாவை விற்கக் கிளம்பும் முன்

"இதுக்கு எத்தனை லட்சம் சார் கிடைக்கும்?" என்று கேட்டபடியே பக்கத்து வீட்டுக்காரர் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை என் மேசைமேல் கவிழ்த்தார். சலசலவென்று விழுந்தது அத்தனையும் காண்டாமிருகம் போட்ட 25 காசு. இந்தக் காசு லட்சக்கணக்கில் விலை போகும் என்று வாட்ஸ்அப்பில் வந்த ஏதோ ஒரு வீடியோ மனிதரின் தூக்கத்தைக் கெடுத்திருந்தது. அப்படிக் கொட்டியதே ஒரு தவறு. காசோடு காசு உரசினால் கீறல் விழும். சரி, இதைவிடப் பெரிய தவறுகள் இருக்கின்றன.

இந்த நாலணா 1988 முதல் 2002 வரை அச்சானது. 19 மி.மீ. விட்டம், துருப்பிடிக்காத எஃகு. வெள்ளியோ செம்போ இல்லாததால் உருக்கினாலும் ஒன்றும் தேறாது. 2011 ஜூன் 30 முதல் 25 காசும் அதற்குக் கீழே உள்ளவையும் செல்லாது என்று ஆனது. செல்லாமல் போனதால் அரிதாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் மாற்றாமல் விட்டவர்கள் எல்லோர் வீட்டிலும் இப்படி ஒரு பாட்டில் கிடக்கிறது. புழங்கித் தேய்ந்த காசுக்குச் சில்லறை ரூபாய்தான் கிடைக்கும். கைபடாமல், அச்சடித்த பளபளப்போடு இருப்பதைத்தான் சேகரிப்பவர்கள் தேடுகிறார்கள். காண்டாமிருகத்தின் தோல் மடிப்பை லென்ஸில் பாருங்கள். மடிப்பின் விளிம்பு மழுங்கியிருந்தால் அது ஊரெல்லாம் சுற்றி வந்த காசு.

இணையத்தில் ஒருவர் "5 லட்சம்" என்று போட்டிருந்தால், அது அவர் கேட்கும் விலை. யாராவது கொடுத்தார்களா என்பதுதான் கேள்வி. 2012-இல் வந்த வைஷ்ணோ தேவி 5 ரூபாய், 10 ரூபாய்க் காசுகளுக்கும் இதே கூத்து நடக்கிறது. "வாங்கிக்கொள்கிறோம், முதலில் பதிவுக் கட்டணம் அனுப்புங்கள், வரி கட்டுங்கள்" என்று பேச்சு வந்தால் போனை வைத்துவிடலாம். தன் பெயரையும் சின்னத்தையும் காட்டி இப்படிக் காசு பறிக்கிறார்கள், நாங்கள் யாரிடமும் கமிஷன் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது.

அடுத்தது, நம் வீடுகளுக்கே உரிய தவறு: புளி. குத்துவிளக்குக்குப் போடுவதுபோல் புளியும் உப்பும் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்துவிடுவார்கள். பார்க்கப் பளிச்சென்று இருக்கும். ஆனால் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் முடி முடியாய் ஆயிரம் கீறல் தெரியும். கழுவியபின் உப்பு ஒட்டியிருந்தால் இந்த வகை எஃகிலும் புள்ளி புள்ளியாய்த் துரு வரும். பழைய 5, 10, 20 காசு அலுமினியம் என்றால் நிலைமை இன்னும் மோசம். நானும் சின்ன வயதில் ஒரு டப்பா நிறைய இப்படிப் பாழாக்கியவன்தான். அழுக்கு அப்பியிருந்தால் வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு, அப்புறம் துணியில் ஒற்றி எடுத்தால் போதும். தேய்க்கவே கூடாது. பிடிக்கும்போதும் விளிம்பைத்தான் பிடிக்க வேண்டும்.

காசு எந்த ஊர் ஆலையில் அச்சானது என்று காட்ட, ஆண்டுக்குக் கீழே ஆலைக் குறி, அதாவது மின்ட் மார்க், இருக்கும். அதை அவசரமாகப் படிப்பது இன்னொரு தவறு. வைரம் என்றால் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. தேய்ந்த நட்சத்திரம் புள்ளிபோலத் தெரியும். புள்ளி தேய்ந்தால் கொல்கத்தாவாகிவிடும்! 1988-ஆம் ஆண்டு என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. அப்போது பழைய செம்பு-நிக்கல் நாலணாவும் அச்சாகிக்கொண்டிருந்தது, அதுவும் 19 மி.மீ.தான். காந்தத்தைக் காட்டினால் குழப்பம் தீரும்: எஃகுக் காசு ஒட்டிக்கொள்ளும், மற்றது ஒட்டாது.

கடைசியாக, அடிபட்டதையெல்லாம் 'எரர் காயின்', அதாவது பிழையாய் அச்சான காசு, என்பது. சுத்தியல் பட்டு நசுங்கியது, யாரோ அரம் போட்டது, தண்டவாளத்தில் வைத்தது எல்லாம் வெறும் சேதாரம். அச்சு நடுவிலிருந்து நன்றாக விலகி விழுந்தது, ஒரு பக்க உருவமே மறுபக்கம் குழியாய், கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிப் பதிந்தது போன்றவைதான் ஆலையில் நேர்ந்த பிழை. நீங்களே பார்க்கக்கூடிய ஒன்று உண்டு. காசைப் புத்தகப் பக்கம்போல இடமிருந்து வலமாகத் திருப்புங்கள். நம் நாட்டுக் காசில் பின்பக்கமும் நேராகவே நிற்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்திருப்பது சகஜம். கால்வட்டமோ அதற்கு மேலோ திரும்பியிருந்தால் தனியாக எடுத்து வைக்கலாம்.

பக்கத்து வீட்டுக்காரரின் குவியலை அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் புரட்டினோம். தேய்மானம் இல்லாதவை எட்டு, மறுபக்கம் பக்கவாட்டில் படுத்துக்கிடந்தது ஒன்று. அந்த ஒன்பதையும் தனித்தனிக் காகித உறையில் போட்டுக் கொடுத்தேன். மீதியைப் பாட்டிலில் அள்ளிக்கொண்டு கிளம்பியவர் வாசலில் நின்று, "அந்த வீடியோக்காரனுக்கு ஒரு போன் போட்டுப் பாக்கட்டுமா?" என்றார்.