கிராவல் பாதையைச் சமன் செய்ய டிராக்டருக்கு எந்த பிளேடு?

குழிதான் தொல்லை என்றால் பாக்ஸ் பிளேடு (கிளறும் பற்களும் பின் தகடும் கொண்ட பெட்டி வடிவக் கருவி) வாங்குங்கள். டிராக்டரின் பின்னால் மாட்டும் ஒற்றைத் தகடான சாதாரண பின் பிளேடால் இழுத்தால் குழி மூடும். ஆனால் அடியில் இறுகிய விளிம்பு அப்படியே கிடப்பதால் மழையில் அதே இடம் மறுபடி பெயரும். பாக்ஸ் பிளேடின் பற்களைக் குழியின் ஆழம்வரை இறக்கிக் கிளறி, பிறகு ஏற்றிவிட்டு நிரவ வேண்டும். டிராக்டரையும் பிளேடையும் மேலே இணைக்கும் தண்டான டாப் லிங்கைக் குறுக்கினால் பல் கடிக்கும். நீட்டினால் பின் தகடு வழிக்கும். கை பழகாதவர் பிளேடை ஏற்றி இறக்கும் ஹைட்ராலிக் லீவரை ஓயாமல் அசைத்துப் பாதையை அலை அலையாக்கிவிடுவார். அவருக்கு நீண்ட சறுக்குச் சட்டத்தில் இரு பிளேடு கொண்ட லேண்ட் பிளேன் தோது.

பிளேடின் அகலம் பின் டயர்களின் வெளிவிளிம்பைத் தாண்டட்டும், இல்லையேல் டயர் தடம் அழியாது. நடுமேடு எடுக்க மட்டும் சாய்த்துத் திருப்பும் பின் பிளேடுதான்: 10 அடிப் பாதையில் நடு 2½ அங்குலம் உயர்ந்தால் தண்ணீர் நிற்காது. காய்ந்த கிராவலில் இறங்காதீர்கள். லேசான ஈரம்தான் பதம்.