ஒற்றைக் கயிற்றில் மரமேறுதல்: பிடிமுடிச்சையும் ரோப் ரெஞ்சையும் பொருத்தும் முறை

மரங்களைக் கத்தரித்துப் பராமரிக்கும் தொழிலில் கயிற்றின் வழியே ஏறுவதற்கு இரண்டு முறைகள் உள்ளன. கிளையின் மேலாகப் போட்ட கயிறு ஏறுபவரோடு சேர்ந்து ஓடுவது ஒன்று. கயிறு ஓரிடத்தில் கட்டப்பட்டு அசையாமல் நிற்க, ஏறுபவர் மட்டும் அதன்மீது நகர்வது மற்றொன்று; இதுவே ஒற்றைக் கயிற்று முறை. முதல் முறையில் எடை கயிற்றின் இரு பக்கங்களுக்கும் பிரிவதால் பிடிமுடிச்சின்மீது (ஏறுகயிற்றைச் சுற்றிப் போடும், எடை விழுந்தால் இறுகிப் பற்றும் முடிச்சின்மீது) ஏறத்தாழப் பாதி எடைதான் விழும். இரண்டாவதில் முழு எடையும் ஒரே முடிச்சைச் சேர்வதால், இறங்க நினைக்கும்போது அது கையால் தளர்த்த முடியாதபடி இறுகிவிடும். அமெரிக்க மரமேறுநர் கெவின் பிங்காம் உருவாக்கிய ரோப் ரெஞ்ச் என்னும் சிறு கருவி, முடிச்சுக்கு மேலே கயிற்றை வளைத்து உராய்வில் ஒரு பங்கைத் தான் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அது தனித்து ஆளைத் தாங்கும் கருவி அன்று, தாங்குவது முடிச்சே. கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த ஒன்றை ஒட்டியே அமைகிறது.

மேலும் படிப்பதற்கு முன் ஒரு சொல்: ஓடும் கயிற்றில் வெறும் முடிச்சோடு ஏறிப் பழகாதவர்கள் நேரடியாக இதற்கு வருவதை நான் பரிந்துரைப்பதில்லை. பழகியவர்களும் முதல் சில முறை தேர்ந்த ஒருவர் அருகில் இருக்கும்போதே இதைக் கட்டிப் பார்க்க வேண்டும்.

மரத்தின் அடி, தண்டு, கிளைக்கவைகள் ஆகியவற்றில் பொந்து, காளான், வெடிப்பு எதுவும் உண்டா, அருகில் மின்கம்பி செல்கிறதா என்பதைப் பார்த்த பின்னரே கயிற்றைக் கையில் எடுக்க வேண்டும். எடைப்பை கட்டிய மெல்லிய எறிகயிற்றைத் தண்டை ஒட்டிய, பருத்த, உயிருள்ள கிளைக்கவையின் மேலாக எறிந்து, அதன் நுனியில் ஏறுகயிற்றைக் கட்டி மேலே இழுக்கலாம். கயிறு 11 முதல் 13 மி.மீ. வரை தடிமனும் குறைந்த நீட்சியும் கொண்டதாக இருப்பது வழக்கம். எனினும் ரெஞ்சின் உடலில் பொறித்துள்ள தடிமன் வரம்புக்குள் அது அடங்குகிறதா என்று பார்ப்பதே முக்கியம்.

கயிற்றின் மறுமுனையை மரத்தின் அடியில் சுற்றிக் கட்டும்போது ஒரு கணக்கை மறக்கக் கூடாது. ஏறுபவர் 80 கிலோ என்றால், அவரைத் தாங்கும் பக்கமும் அடிக்கட்டுக்கு இறங்கும் பக்கமும் சேர்ந்து மேற்கிளையை ஏறத்தாழ 160 கிலோ எடையுடன் அழுத்தும். பட்டையின் உராய்வு இதைச் சற்றுக் குறைக்கலாம்; அதை நம்பிக் கிளையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. ஆகவே ஏறுவதற்கு முன் இருவர் சேர்ந்து கயிற்றில் தொங்கி, கிளை அசைகிறதா, ஓசை எழுகிறதா என்று சோதிக்க வேண்டும். அடிக்கட்டில் கயிற்றை மெல்ல விட்டுக்கொடுக்கும் இறக்குகருவி ஒன்றைச் சேர்த்து மிகுதிக் கயிற்றையும் வைத்திருந்தால், மேலே மயங்கியவரைத் தரையில் நிற்பவரே இறக்கிவிடலாம். அதற்குக் கிளையின் உயரத்தைப்போல் மும்மடங்கு நீளம் தேவை: கிளை 20 மீட்டரில் இருந்தால், முடிச்சுகளுக்கு ஆவது போக 60 மீட்டர். அடிக்கட்டுப் பக்கமாக இறங்கும் கயிற்றின் அருகே ரம்பத்தை ஓட்டவே கூடாது; அது அறுபட்டால் ஏறுபவர் அப்படியே விழுவார்.

இனிப் பொருத்துதல். வெப்பம் தாங்கும் மெல்லிழையால் ஆன, இருமுனையிலும் கண் தைத்த பிடிகயிற்றால் ஏறுகயிற்றின்மீது பின்னல் வகைப் பிடிமுடிச்சைப் போட்டு, அதற்கு நேர்கீழே சிறு புல்லியை மாட்ட வேண்டும். மேலே நகரும்போது முடிச்சைத் தள்ளிக்கொண்டு செல்வது இந்தப் புல்லிதான். ரெஞ்சை முடிச்சுக்கு மேலே கயிற்றில் பொருத்தி, அதன் முள்ளைப் பூட்டி, விறைப்பான இணைப்புப் பட்டையின் கீழ்க்கண்ணை ஹார்னஸின் (இடுப்பில் அணியும் பட்டைத் தொகுதியின்) முன்புறக் குறுங்கயிறான பாலத்தோடு சேரும் காராபினரில் (திறந்து மூடும் உலோக வளையத்தில்) மாட்டுக. பிடிகயிற்றின் இரு கண்களும் புல்லியும் அதே காராபினரில் சேரும். மரப்பராமரிப்புப் பணிப் பாதுகாப்புக்கான அமெரிக்காவின் அன்சி இசட்133 நெறிமுறை, மரமேறும் காராபினர் தானே மூடித் தானே பூட்டிக்கொள்வதாக இருக்க வேண்டும் என்கிறது. கதவைக் கையால் திருகிப் பூட்டும் மலிவான வகையை இங்கே பயன்படுத்துவது வீண் துணிச்சல்.

பலரும் தடுமாறும் இடம் பிடிகயிற்றின் நீளம். எடை முழுதும் விழுந்து முடிச்சு நீண்ட நிலையிலும் அதற்கும் ரெஞ்சுக்கும் இடையே சிறிது இடைவெளி எஞ்ச வேண்டும். முடிச்சு ரெஞ்சில் முட்டினால் அது கயிற்றைச் சரியாகப் பற்றாமல் போகலாம். பிடிகயிறு மிகக் குட்டையாக இருந்தால் ரெஞ்சு வேலையே செய்யாமல் முடிச்சு மட்டும் இறுகும். ஆதலால் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் அமர்ந்து, எழுந்து, முடிச்சைத் தளர்த்தி இறங்கி, கையை விட்டால் உடனே பிடிக்கிறதா என்று பல முறை பார்த்தே சுற்றுகளைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். கயிறு நனைந்திருந்தாலும் புதிதாக இருந்தாலும் இதே சோதனையை மறுபடி செய்க.

ஏறுவதற்கு ஒரு காலில் பாத ஏறுகருவியையும் மறுகாலில் முழங்கால் ஏறுகருவியையும் மாட்டி, மார்புப் பட்டையிலிருந்து ஒரு சிறுகயிற்றால் பிடிமுடிச்சுத் தொகுதியை இணைத்தால், படியேறுவதைப்போல் மாறி மாறிக் கால் வைக்க அது உடலோடு சேர்ந்து உயரும். முதல் சில மீட்டர்களில் முடிச்சுக்குக் கீழே தொங்கும் கயிற்றுக்குப் போதிய எடை இராது. ஆகவே உதவியாளர் கயிற்றின் அந்த வால்பகுதியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கால் கருவிகள் ஏறுவதற்கு மட்டுமே உரியவை. அவற்றின் பற்கள் திடீர் வீழ்ச்சியில் கயிற்றின் உறையைக் கிழித்துவிடும்.

மேலே சென்றதும் ரம்பத்தை இயக்கும் முன் இடுப்புக்கயிற்றை இரண்டாவது பிடிப்பாகத் தண்டில் சுற்றிக்கொள்க. இறங்கும்போது நிதானம் தேவை. வேகமாக வழுக்கினால் பிடிகயிறு சூடேறி, கண்ணாடிபோல் மினுங்கும். அவ்வாறு மினுங்கும் பிடிகயிற்றை அன்றே கழித்துவிட வேண்டும். வேலை முடிந்தபின் அடிக்கட்டை அவிழ்த்து, அந்த முனையில் எறிகயிற்றைக் கட்டி, கவையில் சிக்காதபடி மெதுவாக ஏறுகயிற்றை இறக்கிக்கொள்ளலாம்.