பந்தயப் புறாவை வதைக்காமல் பழக்குவது எப்படி?
சென்னையின் வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் மொட்டைமாடிக் கூண்டுகளில் ஹோமர் புறா (தொலைவில் விட்டாலும் தன் கூட்டுக்கே திரும்பும் புறா) வளர்ப்பவர்கள், பந்தயத்திற்கு முன் நெஞ்சுத் தசையையும் இறக்கையையும் தடவிப் பார்த்து, மெலிந்ததையும் இறகு உதிர்ப்பதையும் விலக்கிவிட வேண்டும். குஞ்சைப் பிரிந்த தவிப்பில் தாய் விரைந்து திரும்பும் என்பதற்காக அதைப் பறக்கவிடுவது, என் பார்வையில், வெறும் கொடுமையே. தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். பறக்கவிடும் இடத்துக்குக் கொண்டுபோகும் கூடையில் நெருக்கி அடைக்காமல், அலகு மூழ்குமளவு தண்ணீர் வையுங்கள். புறா அலகை அமிழ்த்தி உறிஞ்சியே குடிக்கும். கத்திரி வெயிலில் பறக்கவிடாதீர்கள். காயம்பட்டால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுசெல்லுங்கள். தோற்ற புறாவை என்னவும் செய்யலாம் என்பாருக்கு, 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் உரிமையாளரையும் கட்டுப்படுத்துகிறது என்பதை எடுத்துச் சொல்லுங்கள். தாமதமாக வந்ததற்கும் அதே தானியமும் அதே ஓய்வும் கொடுங்கள்.